தார் வாங்கப் போன கதை

"அப்பா, ஒரு தார் வாங்கலாம்னு இருக்கேன்" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எதுக்குய்யா முழுத் தாரு? வீட்ல இருக்கறது மூணு பேரு. ரெண்டு சீப்பு போதாதா?"

"வாழைத்தார் இல்லப்பா. தார்! ரோட்ல பார்த்திருப்பீங்களே..."

"ரோட்டுக்கா? பஞ்சாயத்துல சொல்லிட்டியா? எத்தனை பீப்பா?"

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். பாலைவனத்தின் பெயரை ஒரு ஜீப்புக்கு வைப்பார்கள் என்பது மட்டும் 74 வயது விவசாயிக்குத் தெரியவில்லை. அதில் ஒன்றும் தப்பில்லை. "வண்டிப்பா, ஜீப்பு. நாலு சக்கரமும் இழுக்கும். இனிமே நம்ம ஓடைப் பள்ளத்துல மாட்டவே மாட்டாது" என்று விளக்கினேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நாலும் இழுக்குமா? எதுக்கு?" என்றார்.

எதுக்கு என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காடு. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதை. அதில் ஓடையை ஒட்டி ஒரு 300 மீட்டர் பள்ளம். சித்திரையில் அங்கே போனால் பாளம் பாளமாக வெடித்து, கிரிக்கெட் ஆடலாம் போலக் கெட்டியாக இருக்கும். கரிசல் களிமண்ணின் குணமே அதுதான். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தண்ணீரைக் குடித்தால் உப்பிக் குழைந்துவிடும். நாலு தூறல் விழுந்தால் அல்வாதான். உங்கள் இடது கால் செருப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் அல்வா.

போன கார்த்திகையில், தற்செயலாக நான் ஊரில் இருந்த ஒரு ராத்திரி. மணி பத்தரை. அப்பா திண்ணையில் எழுந்து உட்கார்ந்து, "நெஞ்சு என்னமோ அடைக்குதுய்யா" என்றார். அவரையும் அம்மாவையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். என் வண்டி எட்டு வருஷப் பழசு. பார்க்க ஜீப் மாதிரி மிரட்டும். இழுப்பதென்னவோ பின் சக்கரம் இரண்டு மட்டும்தான். பெயரைச் சொல்லி அவமானப்படுத்த விரும்பவில்லை. தப்பு மண்ணுடையது, அப்புறம் என்னுடையது.

பள்ளத்தில் பாதி தூரம் போனதும் வண்டி நின்றது. நான் செய்யக்கூடாததைச் செய்தேன், அதாவது ஆக்சிலேட்டரை மிதித்தேன். மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டிக்கொண்டு இறங்கியது. பின் சீட்டில் அப்பா, "பதறாதேய்யா, எனக்கு ஒண்ணுமில்லே" என்று எனக்குத் தைரியம் சொன்னார். அவர் சட்டை நனைந்திருந்தது. மழையில் அல்ல.

டிராக்டர்காரரை எழுப்பிக் கூட்டிவந்து வண்டியை இழுக்க 40 நிமிஷம் ஆயிற்று. டாக்டர் ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, "சின்ன அட்டாக்தான். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாமே" என்றார். அந்த வாக்கியத்தை அவர் அன்றைக்கே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. அப்பாவை மதுரைக்கு அழைத்தால், "ஆட்டை யார் பாக்கறது?" என்கிறார். என்னைப் பார்ப்பதைவிட ஆட்டைப் பார்ப்பதில் அவருக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம்.

ஆக, ஷோரூமுக்குப் போனேன்.

டை கட்டிய பையன் ஒருவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து வாசித்தான். தரையிலிருந்து உயரம் 226 மில்லிமீட்டர். 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம். 1947-லிருந்து வில்லிஸ் ஜீப்பை உதிரியாக வரவழைத்துப் பூட்டிய பரம்பரை. 2010-ல் முதல் தார், 2020 அக்டோபரில் புதிய அவதாரம். பையன் ஒன்றை மட்டும் மெதுவான குரலில் சொன்னான். 2023 ஜனவரியிலிருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் வருகிறது, அது விலை குறைவு. எங்கள் தெருவில் ஒருவர் புஜம் நிமிர்த்தி ஓட்டுகிறாரே, அது அந்த ரகம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஃபோர் வீல் டிரைவ் டீசலுக்கு என் கையில் வந்த கொட்டேஷன், இன்ஷூரன்ஸ் ரோடு டாக்ஸ் எல்லாம் சேர்த்து 18 லட்சம். பழைய வண்டிக்கு ஐந்து லட்சம் தருகிறார்கள். கையிலிருப்பது ஒரு லட்சம். மீதி 12 லட்சம் கடன். ஒன்பதரை சதவிகிதம், ஏழு வருஷம், மாதம் 19,600 ரூபாய். "சாலரி ஸ்லிப் சார்?" என்றார் லோன் ஆபீசர். "பத்திரிகையில எழுதறேன்" என்றேன். அவர் பேனாவை மூடினார். "வீட்ல மேடம் வேலை பார்க்கறாங்களா?" என்றார். திறந்தார்.

மேடம் கொட்டேஷனை இரண்டு தடவை படித்தாள். "வாங்கிக்கோங்க. ஆனா டோக்கன் அட்வான்ஸ் கட்றதுக்கு முன்னாடி, நிஜமாவே ஃபோர் வீல் டிரைவ் என்ன பண்ணும்னு ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துட்டு வந்துடுங்க. அந்தப் பையன் டெஸ்ட் டிரைவ்னு பைபாஸ்லதான் கூட்டிட்டுப் போவான்" என்றாள். பி.காம். படித்தவன் நான். வணிக மூளை அவளுக்கு.

அப்படித்தான் தை மாதத்து ஒரு சனிக்கிழமை கொழுக்குமலைக்குக் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி. 2023 ஜூனிலிருந்து போடிக்கு அகல ரயிலே வருகிறது. ஜீப் வாங்கப் போகிறவன் ரயிலில் போனால் அசிங்கம் என்று பழைய வண்டியிலேயே போனேன். விடிந்தும் விடியாமலும் போடியைத் தாண்டினால், எதிரிலும் பின்னாலும் ஜீப், ஜீப், ஜீப். உள்ளே தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள். தலையில் துண்டு, மேலே ஆண் சட்டை. ஏலத் தோட்டத்து வேலைக்குக் கேரளப் பக்கம் ஏறுகிறவர்கள். சாயங்காலம் இதே ஜீப்பில் இறங்குவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ண முயன்றேன். வளைவு வந்துவிட்டது, எண்ண முடியவில்லை. அவர்களுக்கு அது டவுன் பஸ், அவ்வளவுதான். ஒருவர்கூட அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நான் பார்க்கவில்லை.

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி. என் வண்டி முனகாமல் ஏறியது. எனக்கே சங்கடமாக இருந்தது. டைவர்ஸ் நோட்டீஸ் அனுப்பப் போகிற நேரத்தில் மனைவி நல்ல காபி போட்டுக் கொடுத்த மாதிரி. பூப்பாறை, ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் தாண்டிச் சின்னக்கானல். அரிக்கொம்பன் என்கிற யானை ரேஷன் அரிசி தேடிக் கடைகளை உடைத்துக்கொண்டிருந்த ஊர். 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது ஒரு மாதத்தில் மலையிறங்கிக் கம்பம் டவுனுக்குள்ளேயே நடைபோட்டது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அதைவிடச் சிறந்த ஃபோர் வீல் டிரைவ் நான் கேள்விப்பட்டதில்லை.

பக்கத்தில் சூரியநெல்லி. அங்கேதான் முதல் அடி. கொழுக்குமலைப் பாதையில் சொந்த வண்டிக்கு அனுமதி கிடையாது. பதிவு செய்த உள்ளூர் ஜீப், உள்ளூர் டிரைவர், ஜீப்புக்கு ஆறு பேர். நான் 18 லட்சம் கொட்டி வாங்கி வந்தாலும் இங்கே ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அவர்கள் ஜீப்பில்தான் ஏற வேண்டும். 'வார இறுதியில் மலையெல்லாம் போகலாமே' என்று மனைவியிடம் சொல்லாமல் மனசுக்குள் எழுதி வைத்திருந்த ஒரு வரவு, வாசலிலேயே அடிபட்டுப் போயிற்று.

காலை நாலு மணி. பல் தந்தியடித்தது. ஜீப் பழைய மஹிந்திரா, தார்ப்பாய்க் கூரை. (பாருங்கள், இங்கேயும் ஒரு தார்!) டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். மப்ளர், வாயில் ஏலக்காய். தாத்தா காலத்தில் கங்காணி கூட்டிவந்த குடும்பம். மலையாளத்தில் ஆபீஸ்காரரிடம் சண்டை போட்டுவிட்டுத் தமிழில் என்னிடம், "முன்னாடி உக்காருங்க தம்பி. கம்பியைப் பிடிச்சுக்கங்க. நாக்கைப் பல்லுக்கு நடுவுல வைக்காதீங்க" என்றார். அந்தக் கடைசி அறிவுரையின் அருமை பத்து நிமிஷத்தில் புரிந்தது.

பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கொஞ்ச தூரம் தேயிலைக்கு நடுவே ரோடு மாதிரி ஒன்று. அப்புறம் ரோடு இல்லை. மலை தன் பல்லையெல்லாம் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது, அதன்மேல் ஏறுகிறோம். ஹெட்லைட் வெளிச்சத்தில் பாறை, வானம், பாறை, வானம். பின்னால் உட்கார்ந்திருந்த கல்யாணமான புது ஜோடி ஆரம்பத்தில் சிரித்தார்கள், பிறகு சாமி பேர் சொன்னார்கள்.

நான் டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கியருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லீவர். அதுதான் நான் பார்க்க வந்த மூலவர். ஆனால் மனிதர் அதைத் தொடுகிற வழியாக இல்லை. ஃபர்ஸ்ட் கியரில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கல்லின்மேலும் சக்கரத்தைக் கொண்டுபோய் வைத்தார். பள்ளத்தைத் தவிர்க்கவில்லை, எந்தச் சக்கரம் எந்தப் பள்ளத்தில் இறங்கும் என்று முதலிலேயே முடிவு பண்ணிவிடுகிறார்.

ஓர் இடத்தில் ஜீப் கோணிக்கொண்டு நின்றது. பின்பக்க இடது சக்கரம் அந்தரத்தில் விர்ர்ரென்று சுற்றியது. வலது சக்கரம் பாறையில் உட்கார்ந்து சும்மா இருந்தது. "பாத்தீங்களா தம்பி? எது தரையில நிக்குதோ அது சும்மா இருக்கும். எது அந்தரத்துல ஆடுதோ அதுக்குத்தான் எல்லா பவரும் போகும்" என்றார்.

இதற்குக் காரணம் டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கிறது அல்லவா? அதற்காக இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற ஏற்பாடு. ஆனால் ஒன்று வழுக்கினால் எல்லாச் சுற்றும் அதற்கே போய்விடுகிறது. உங்கள் ஆபீசிலும் இப்படி ஒரு டிஃபரன்ஷியல் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்திருப்பார். யாருக்கு இன்க்ரிமென்ட் போகிறதென்று யோசித்தால் இயந்திரவியல் சட்டென்று விளங்கும்.

அப்போதுதான் குட்டை லீவரைத் தள்ளினார். முன் சக்கரங்களுக்கும் இழுப்புப் போனது. லோ ரேஞ்ச் என்பார்கள், வேகத்தைக் குறைத்து அதற்குப் பதில் முறுக்குவிசையைக் கூட்டிக்கொள்வது. ஜீப் கர்ப்பிணி மாதிரி நிதானமாக எழுந்து வெளியே வந்தது. ஏறி முடிக்கும்வரை அந்த லீவரை மொத்தம் இரண்டே தடவைதான் தொட்டார்.

சிங்கப்பாறைப் பக்கம் நின்றபோது கிழக்கு சிவக்கத் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய 8,000 அடி. கீழே போடி இல்லை, தேனி இல்லை, தமிழ்நாடே இல்லை. வெள்ளை மேகம் சமுத்திரம் மாதிரி பரந்து கிடந்தது. சூரியன் அதிலிருந்து எழுந்தபோது அத்தனை பேரும் செல்போனைத் தூக்கினார்கள். நானும்தான். வீட்டில் வந்து பார்த்தால் யாரோ ஒருவருடைய குரங்குக் குல்லா நன்றாக விழுந்திருக்கிறது.

இந்தத் தோட்டம் இருப்பது நம் தேனி மாவட்டத்தில். ஜீப் வருவதோ கேரளா வழியாக மட்டும். நம் பக்கம் குரங்கணிக்கு இறங்குவது நடைபாதைதான். 2018 மார்ச் 11-ல் அந்தச் சரிவில்தான் காட்டுத் தீ. மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நம்மைப் போல லீவு நாளில் வந்த ஆபீஸ் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். டிரைவர் அந்தப் பக்கம் கையைக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. புது ஜோடிகூடக் கொஞ்ச நேரம் போட்டோ எடுக்கவில்லை.

1930-களில் கட்டிய தேயிலை ஃபாக்டரி இன்னும் ஓடுகிறது. இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்துச் சலிக்கிற பழைய ஆர்தடாக்ஸ் முறை. அங்கே டீ வாங்கிக்கொண்டு டிரைவரோடு உட்கார்ந்தேன். கொட்டேஷனைச் சொன்னேன். கார்த்திகை ராத்திரியையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"கரிசலா?"

"ஆமாண்ணே."

"நான் பொண்ணு எடுத்தது சாத்தூர்ப் பக்கம். தெரியும்." ஒரு வாய் டீ குடித்தார். "இங்க பாறை தம்பி. பாறை சக்கரத்தைப் பிடிக்கும். கரிசல் பிடிக்காது, அப்பும். ரெண்டு சுத்துல டயர் பட்டன் சந்து முழுக்கக் களி ஏறி மொழுமொழுன்னு ஆயிடும். ரோட்டு டயரோட போனீங்கன்னா முன்னாடி ரெண்டு மொட்டை சுத்துச்சு, இப்ப நாலு மொட்டை சுத்தும்."

"மண்ணு டயர் போட்டா?"

"பெரிய பட்டன் டயர், காத்தைக் கொஞ்சம் இறக்கிக்கணும், டிஃபரன்ஷியல் லாக் இருக்கணும், ஓட்டத் தெரியணும். அப்பப் போகலாம். ஆமா, அன்னிக்கு உங்க வண்டியை இழுத்தது என்ன?"

"டிராக்டர்."

"அதுக்கு முன் சக்கரம் இழுக்குமா?"

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. இழுக்காது! நம் ஊரில் ஓடுகிற டிராக்டரில் பெரும்பாலானவற்றுக்கு இழுப்பு பின் சக்கரத்தில்தான். ஆளுயர டயர், விரல் நீளப் பட்டன், தவழ்கிற கியர், காலடியில் டிஃபரன்ஷியல் லாக் மிதி. என்னைக் காப்பாற்றியதே ஒரு டூ வீல் டிரைவ்.

"சரி, எல்லாம் போட்டு வாங்கிட்டீங்க" என்று அவரே தொடர்ந்தார். "நீங்க மதுரையில. வண்டி மதுரையில. அப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை.

"அவருக்கு ராத்திரி முடியலைன்னா 108-தானே வரும்? அது வேன். ஃபோர் வீலெல்லாம் கிடையாது. வேணும்னா வாங்குங்க தம்பி, நல்ல வண்டி, எனக்கே ஆசைதான். ஆனா அப்பாவுக்காக வாங்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க."

காதில் ஏலக்காய் வாசனையோடு யாரோ அறைந்த மாதிரி இருந்தது. எழுதுகிறவனுக்கு இன்னொருவன் பெயரில் ஆசையை எழுதி வைப்பது கைவந்த கலை. என் ஆசையை நான் அப்பா கணக்கில் பற்று எழுதி வைத்திருந்தேன். ஆடிட்டர் ஜீப் ஓட்டிக்கொண்டு வந்து கண்டுபிடித்துவிட்டார்.

இறங்கும்போது லோ ரேஞ்சில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். என்ஜினே பிடித்துக்கொண்டு வண்டியைப் படிப்படியாக இறக்கியது. அந்த அழகைப் பார்த்தபோது ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்னும் அதிகமாயிற்று.

வீட்டுக்கு வந்து பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். மாதம் 19,600 என்றால் வருஷத்துக்கு 2,35,200. போன வருஷம் நான் சேற்றில் மாட்டியது இரண்டு தடவை. ஆக, ஒரு தடவை மாட்டாமல் இருப்பதற்கு எனக்கு 1,17,600 ரூபாய் செலவு. டிராக்டர்காரர் வாங்கியது ஐந்நூறு.

"அப்பா அன்னைக்கே கேட்டாரே, எத்தனை பீப்பான்னு" என்றாள் மனைவி, அரிசி களைந்துகொண்டே.

தாருக்கு நமக்கு ஏது வசதி? கிராவல் விசாரித்தேன். 300 மீட்டர், பத்தடி அகலம், அரையடி உயரம். கணக்குப் போட்டால் 16 லோடு. லோடு 4,500. நிரவிவிட ஜே.சி.பி. வாடகையும் சேர்த்து 80 ஆயிரம். ஏறக்குறைய நாலு மாத டியூ. பாதையின் கடைசியில் இருக்கிற ஐந்து வீட்டுக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். பஞ்சாயத்தில் ஒப்புதல் வாங்க மூன்று நடை. "சும்மா கொட்டினா ரெண்டு மழையில களி முழுங்கிடும். முதல்ல ரெண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டித் தண்ணியை ஓடைக்கு விடு" என்று அப்பா சொன்னார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அல்ல, மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு. அம்மா அதைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். என் உள்ளங்கையில் கொப்புளம் வந்த விவரம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

பழைய வண்டிக்கு இரண்டு பின் டயர் மட்டும் பெரிய பட்டனாக மாற்றினேன். நல்ல இழுவைக் கயிறு ஒன்று டிக்கியில் கிடக்கிறது. ஷோரூம் பையன் வாராவாரம் போன் பண்ணுகிறான். எடுக்காமல் இருக்க மனசு வருவதில்லை. தெருவில் அந்த வண்டி போனால் இன்னும் கழுத்து திரும்புகிறது. பின் சக்கர ரகமா, நாலு சக்கர ரகமா என்று பார்க்கத்தான் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

பங்குனியில் கிராவல் விரித்து முடித்தோம். கோடை மழை இரண்டு பெய்தது, தாங்கியது. ஐப்பசி அடைமழையை இன்னும் பார்க்கவில்லை. அப்பா தினமும் சாயங்காலம் போய் எங்கே உள்வாங்கியிருக்கிறது என்று குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போனில் ரிப்போர்ட் கொடுக்கிறார். டிராக்டர்காரர் மட்டும் ஊருக்குப் போனால் என்னோடு முன்போல முகம் கொடுத்துப் பேசுவதில்லை.